சிவப்புத் தீப்பெட்டியும் பிரெஞ்சு இலக்கணமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிர் வீட்டு அத்தை தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. கையில் பிரெஞ்சு நோட்டு. "நீ காலேஜ்ல பிரெஞ்சு எடுத்துப் படிக்கியாம்ல தாயி... இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடேன். பத்துக்கு ரெண்டு மார்க்கு வாங்கிட்டு வந்திருக்கா" என்றார்.

நான் பிரெஞ்சு எடுத்த லட்சணம் எனக்குத்தான் தெரியும். :-) பத்தாம் வகுப்பு வரை தமிழ். பதினொன்றாம் வகுப்பில், நம்மில் பல பேர் செய்வதைப் போல, மார்க்குக்காகப் பிரெஞ்சுக்குத் தாவினேன். அப்புறம் கல்லூரியிலும் அதையே பிடித்துக்கொண்டேன். இருந்தாலும் அத்தையிடம் முடியாது என்று சொல்ல முடியவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

கேள்வி இதுதான்: "ஒரு சின்ன சிவப்புப் பெட்டி" என்பதைப் பிரெஞ்சில் எழுது. பிள்ளை தமிழில் (ஆங்கிலத்திலும்தான்) எப்படிச் சொல்வோமோ அந்த வரிசையிலேயே எழுதியிருந்தாள்: 'அன் பெத்தி ரூஜ் புவாத்'. சரியான விடை: 'யூன் பெத்தித் புவாத் ரூஜ்'. அதாவது 'சின்ன' என்பது பெட்டிக்கு முன்னால் வரும், 'சிவப்பு' பெட்டிக்குப் பின்னால் வரும். 'புவாத்' என்ற பெட்டி பிரெஞ்சில் பெண்பால், ஆகவே 'அன்' என்பது 'யூன்' ஆகும், 'பெத்தி' என்பது 'பெத்தித்' ஆகும். மூன்று பிழைகள், மூன்று சிவப்புக் கோடுகள். பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கவனக்குறைவு' என்று ஒரு குறிப்பு வேறு.

அதே பக்கத்தின் மேல்புறம் விதி அழகான கையெழுத்தில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. "அட்ஜெக்டிவ் அக்ரீஸ் வித் த நவுன் இன் ஜெண்டர் அண்ட் நம்பர்." பிள்ளை அதை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "அக்ரீஸ்னா என்ன?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஓகே சொல்றதுதானக்கா?"

சிரிப்பு வந்தது. ஆனால் ராத்திரி படுத்த பிறகு அது சிரிப்பாக இல்லை. அந்தப் பிள்ளையிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. தனக்கு இன்னும் பாதிதான் புரிகிற ஒரு மொழியில் சொல்லப்பட்ட விதியைக் கொண்டு, சுத்தமாகத் தெரியாத இன்னொரு மொழியில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகத் தெரிந்த மொழியை வகுப்புக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பெயரடையைச் சொல்லித்தர ஆங்கிலத்தைப் போல உதவாத வழி வேறில்லை. தமிழ் வழியாகப் போனால் பாதி தூரம் ஏற்கெனவே கடந்தாயிற்று.

எப்படி என்று பார்ப்போம்.

ஆங்கிலத்தில் 'குட் பாய்', 'குட் கேர்ள்', 'குட் பாய்ஸ்', 'குட் பாக்ஸ்'. 'குட்' அசையவே அசையாது. ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் அது மாறாது. ஆக, பெயரடை மாறும் என்ற எண்ணத்துக்கே ஆங்கிலத்தில் ஓர் உதாரணம் காட்ட முடியாது. வெறும் விதியைத்தான் சொல்ல முடியும்.

தமிழில்? "நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல பெட்டி." இங்கேயும் 'நல்ல' மாறவில்லை. பெயருக்கு முன்னால் நிற்கும்போது தமிழும் ஆங்கிலம் மாதிரிதான். ஆனால் அதே சொல்லைப் பெயருக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பாருங்கள். பையன் நல்லவன். பொண்ணு நல்லவள். பிள்ளைகள் நல்லவர்கள். பெட்டி நல்லது. பெட்டிகள் நல்லவை. ஐந்து வடிவம்! ஆறாம் வகுப்பு வாக்கில் இதற்கு 'ஐம்பால்' என்று பெயர் வைத்து நமக்குச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் பெயர் தெரியாமலேயே நாலு வயதில் பேசிக்கொண்டுதானே இருந்தோம்? "தம்பி பெரியவன்", "அக்கா பெரியவ", "சட்டை பெருசு" என்பதை எந்தப் பிள்ளையும் தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிரெஞ்சில் எத்தனை? ஆண் ஒருமை, பெண் ஒருமை, ஆண் பன்மை, பெண் பன்மை. மொத்தம் நாலு. அதிலும் பன்மைக்கு எழுத்தில் சேர்கிற 'எஸ்' பொதுவாக வாயில் வராது. காதுக்கு எட்டுவது அதிகபட்சம் இரண்டுதான். ஐந்து வடிவத்தைச் சோறு சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற பிள்ளைக்கு இரண்டு வடிவம் மலையா?

அந்தப் பிள்ளையிடம் இதைத்தான் செய்து பார்த்தேன். "நல்லவன், நல்லவள், நல்லது... ஆளுக்குத் தக்கபடி வால் மாறுதுல்ல? அதுதான் அக்ரீ. பிரெஞ்சுலயும் வால் மாறும், அவ்வளவுதான்" என்றேன். "இதுக்கா அக்கா இவ்ளோ பெரிய இங்கிலீஷ்?" என்று கேட்டாள்.

அடுத்தது இடம். எது முன்னால், எது பின்னால்?

பிரெஞ்சில் பெரும்பாலான பெயரடைகள் பெயருக்குப் பின்னால் வரும். நிறம், வடிவம், நாடு எல்லாம் பின்னால்தான். பெரிய, சிறிய, நல்ல, கெட்ட, அழகான, இளைய, பழைய, புதிய, நீண்ட என்று அடிக்கடி புழங்குகிற ஒரு டஜன் சொற்கள் மட்டும் வழக்கமாக முன்னால் வரும். ஆங்கில வழிப் புத்தகங்களில் இதற்கு ஒரு சுருக்கெழுத்துச் சூத்திரம் உண்டு: அழகு, வயது, நன்மை, அளவு ஆகிய நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள். அந்த நான்கு ஆங்கிலச் சொல்லும் தெரிந்த பிள்ளைக்கு அது சரி. தெரியாத பிள்ளைக்குச் சூத்திரத்தை ஞாபகம் வைக்க இன்னொரு சூத்திரம் வேண்டும்.

'பெயர் முதலில், அடை பிறகு' என்பதும் நமக்குப் புதிது இல்லை. நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் போய் நின்று காதைக் கொடுங்கள். "அண்ணாச்சி, பிஸ்கட் பெருசு ஒண்ணு." "ரிப்பன் சிவப்பு ரெண்டு முழம்." "கடலை மிட்டாய் சின்னது குடுங்க." கடையில் முதலில் பொருளைச் சொல்கிறோம், அப்புறம்தான் எப்படிப்பட்டது என்று சொல்கிறோம். வீட்டில் "சிவப்பு ரிப்பன்", கடையில் "ரிப்பன் சிவப்பு". இரண்டும் பிள்ளைக்குத் தெரியும். "பிரெஞ்சுக்காரங்க கலரை எப்பவும் கடையில கேக்கிற மாதிரிதான் சொல்லுவாங்க" என்றால் முடிந்தது.

கோவில்பட்டிக்காரர்களான நமக்கு இதற்குப் பாடப்பொருளும் செலவில்லாமல் கிடைக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற ஊரில் காலி தீப்பெட்டிக்கா பஞ்சம்? பத்துப் பெட்டிகளைக் கலர் தாள் ஒட்டித் தரையில் பரப்பினேன். சின்னது, பெரியது, சிவப்பு, பச்சை, வெள்ளை. பக்கத்திலேயே பென்சில்கள். பென்சில் பிரெஞ்சில் ஆண்பால்: 'அன் பெத்தி க்ரேயோன் வேர்' (ஒரு சின்னப் பச்சைப் பென்சில்). பெட்டி பெண்பால்: 'யூன் பெத்தித் புவாத் வேர்த்' (ஒரு சின்னப் பச்சைப் பெட்டி). பெத்தி, பெத்தித். வேர், வேர்த். பெட்டியைத் தொட்டால் கடைசியில் ஒரு 'த்' சத்தம் வருகிறது, பென்சிலைத் தொட்டால் வரவில்லை. விதியை நான் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் பிள்ளையே கண்டுபிடித்தாள்.

இங்கே ஒரு விஷயத்தை ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும். 'கறுப்பு' என்பதற்கான 'நுவார்' ஆண்பாலிலும் பெண்பாலிலும் எழுத்தில்தான் மாறும், காதில் மாறாது. 'சிவப்பு' ஒருமையில் எழுத்திலும் மாறாது. 'பச்சை'யும் 'வெள்ளை'யும் காதிலேயே மாறும் (வேர் - வேர்த், ப்ளான் - ப்ளான்ஷ்). காதில் கேட்கிற மாற்றத்தை முதலில் சொல்லித்தந்துவிட்டு, கேட்காத எழுத்துகளை ஒரு வருஷம் கழித்துச் சொல்லித்தந்தால் என்ன? பிரான்சில் பிறந்த பிள்ளைகளே இந்த ஊமை எழுத்துகளைத் தொடக்கப்பள்ளி முழுக்கச் சொல்லெழுத்துப் பயிற்சி எழுதித்தான் பழகுகிறார்கள். நம் பிள்ளையிடம் மூன்றாம் வகுப்பு முதல் பருவத்திலேயே அதைக் கேட்டு மார்க்கைக் குறைப்பது நியாயமா?

சரி, பாலம் எங்கே முடிகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இதுவும் ஏமாற்று வேலைதான்.

ஒன்று: தமிழில் முன்னால் நின்றால் மாறாது, பின்னால் நின்றால் மாறும். பிரெஞ்சில் எங்கே நின்றாலும் மாறும். 'பெத்தித்' முன்னால் நின்றும் மாறுகிறதே! இதைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு: தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது. பெட்டிக்கு ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, அஃறிணை. பிரெஞ்சில் அஃறிணையே கிடையாது. எல்லாப் பெயரும் ஆண்பால் அல்லது பெண்பால் இரண்டில் ஒன்றில் போய் உட்கார்ந்தாக வேண்டும். நான் பயந்த கேள்வி உடனே வந்தது: "யக்கா, பெட்டி பொம்பளையா?"

இதற்குப் பதிலும் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கரிசல் காட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்தக் குடியேற்றக் கதையைத்தான் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' நாவலாக எழுதினார். இவள் வீட்டிலும் தெலுங்குதான். தெருவில் தமிழ். நான் கேட்டேன்: "தம்பி வந்தான், உங்க வீட்ல எப்படிச் சொல்லுவ?" "தம்முடு வச்சாடு." "அம்மா வந்தாள்?" "அம்ம வச்சிந்தி." "பஸ் வந்தது?" "பஸ்ஸு வச்சிந்தி." சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். "அக்கா, அம்மாவுக்கும் பஸ்ஸுக்கும் ஒண்ணுதான் சொல்றோம்!"

ஆமாம். தமிழில் அம்மா வந்தாள், பஸ் வந்தது. இரண்டும் வேறு வேறு. தெலுங்கில் ஒருமையில் இரண்டுக்கும் ஒரே வடிவம். அதற்காக அம்மா பஸ் ஆகிவிட்டாளா, பஸ் அம்மா ஆகிவிட்டதா? ஒவ்வொரு மொழியும் உலகத்தை ஒவ்வொரு விதமாகக் கூறு கட்டி வைக்கிறது, அவ்வளவுதான். "பிரெஞ்சுக்காரங்க எல்லாத்தையும் ரெண்டு வீட்டுல குடி வச்சிருக்காங்க. அன் வீடு, யூன் வீடு. பெட்டி யூன் வீடு" என்றேன். அதற்குப் பிறகு பெட்டி பொம்பளையா என்று அவள் கேட்கவே இல்லை. எட்டு வயதில் இரண்டு மொழியின் பால் பாகுபாட்டை ஒப்பிட்டுவிட்டாள்! இந்தப் பிள்ளைக்குத்தான் பத்துக்கு இரண்டு.

இந்தி டியூஷன் போய் தட்சிண பாரத் இந்தி பிரச்சார சபா பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் என்றால் இன்னும் சுலபம். 'அச்சா லட்கா, அச்சீ லட்கீ' என்று அங்கே பெயருக்கு முன்னாலேயே அடை மாறுகிறது. நான் மேலே சொன்ன முதல் பள்ளத்தை இது தூர்த்துவிடும். தமிழ், தெலுங்கு, இந்தி என்று எதை எடுத்தாலும் ஏதோ ஒரு விதத்தில் பாலுக்குத் தக்கபடி வால் மாறுகிறது. மாறாதது ஆங்கிலம் ஒன்றில்தான். அதைத்தான் நடுவில் வைத்துக்கொண்டு அழுகிறோம்!

இனி எதிர்ப்பக்கம் சொல்வதையும் கேட்போம்.

"வேறு மொழியே கலக்காமல் பிரெஞ்சைப் பிரெஞ்சிலேயே சொல்லித்தருவதுதான் சரியான முறை" என்பார்கள். புதுச்சேரியில் 1826 முதல் இருக்கிற பிரெஞ்சு லிசே போன்ற பள்ளியில் அது சரிதான். அங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை பிரெஞ்சு காதில் விழுகிறது. நம் ஊர்ப் பள்ளியில் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ பீரியட். அதிலும் விதியை விளக்குவது பிரெஞ்சில் இல்லை, ஆங்கிலத்தில். ஆக இங்கே வேறு மொழி கலக்கத்தான் செய்கிறது. தவறான மொழி கலக்கிறது என்பதுதான் என் புகார்.

"தமிழில் பேசினால் ஆங்கிலம் வராது" என்பார்கள். பிரெஞ்சு பீரியட்டில் ஆங்கிலம் வந்து என்ன ஆகப்போகிறது என்று எனக்குப் புரியவில்லை. :-)

"கரிசல் காட்டுப் பிள்ளைக்குப் பிரெஞ்சு எதற்கு? முதலில் தமிழை ஒழுங்காகப் படிக்கட்டும்" என்று என் அப்பாவே சொன்னார். இதில் நியாயம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் பிரெஞ்சு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையே பிரெஞ்சு மாதிரியான வெளிநாட்டு மொழிகளை உயர்நிலை வகுப்புகளுக்குத்தான் பேசுகிறது. ஆனால் பீஸ் வாங்கிக்கொண்டு மூன்றாம் வகுப்பிலேயே ஆரம்பித்த பிறகு, அதை அந்தப் பிள்ளை 'நான் மக்கு' என்று நினைக்கிற விதத்தில் நடத்தாதீர்கள் என்கிறேன். அப்பாவுக்கு இன்னொன்றும் சொன்னேன். தமிழ் வழியாகப் பிரெஞ்சு படித்தால் தமிழும் சேர்ந்து வளர்கிறது. 'நல்ல' மாறாது, 'நல்லவன்' மாறும் என்பதை நானே இந்தத் தீப்பெட்டி விளையாட்டில்தான் முதன்முதலாகக் கவனித்தேன். தமிழ் கற்றல் சட்டம் வந்தது 2006-இல். 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம் ஆனது. ஆக தமிழ் பீரியட் இருக்கிறது, பிரெஞ்சு பீரியட் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு வைக்கத்தான் ஆள் இல்லை.

சரித்திரத்தையும் கொஞ்சம் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் தமிழ் படித்தபோது என்ன செய்தார்கள்? முசே, துப்புயி என்ற இரண்டு பாதிரியார்கள் தயாரித்த தமிழ் - பிரெஞ்சு அகராதி புதுச்சேரியில் 1855-இலும் 1862-இலும் இரண்டு பாகங்களாக அச்சானது. 1903-இல் ழூலியன் வென்சோன் பாரிஸில் ஒரு தமிழ்க் கையேடு வெளியிட்டார், பிரெஞ்சில். நம் மொழியை அவர்கள் தங்கள் மொழியில் விளக்கித்தான் படித்தார்கள். அவர்கள் மொழியை நாம் படிக்க மட்டும் மூன்றாவது வீட்டு வாசல் வழியாகப் போக வேண்டுமாம்.

பேச்சு மொழியைக் காட்டிப் பாடம் நடத்துவது தரக்குறைவு என்று நினைப்பவர்களுக்குக் கி.ரா.வையே ஞாபகப்படுத்துகிறேன். பெரிய பள்ளிப்படிப்பு இல்லாத, வீட்டில் தெலுங்கு பேசிய அந்த இடைசெவல் விவசாயிதான் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்தார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. 2021-இல் புதுச்சேரியிலேயேதான் மறைந்தார். பெட்டிக்கடை வாசல் பேச்சுக்கு ஒரு பல்கலைக்கழகம் மரியாதை கொடுத்திருக்கிறது. மூன்றாம் வகுப்பு கொடுக்கக் கூடாதா?

கடைசியாக ஒரு ருசியான விஷயம். பிரெஞ்சில் சில பெயரடைகள் இடம் மாறினால் அர்த்தமே மாறும். 'கிரான்' (பெரிய) மனிதனுக்கு முன்னால் நின்றால் மதிப்பில் உயர்ந்த மனிதர். பின்னால் நின்றால் வெறும் உயரமான ஆள். இதை ஆங்கிலத்தில் விளக்க எங்கள் வகுப்பில் ஒரு பீரியட் முழுக்க ஆனது, அப்போதும் பாதிப் பேருக்குப் புரியவில்லை. தமிழில் ஒரு வரி போதும். "அவர் பெரிய மனுஷன்" என்பதும் "ஆள் பெருசா இருக்கார்" என்பதும் ஒன்றா? நம்ம ஊர் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்!

என்னோடு படிக்கிறவர்களில் நாலைந்து பேர் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறீர்கள் என்று தெரியும். பிரெஞ்சு நோட்டோடு ஒரு பிள்ளை வந்தால் இதை ஒரு தடவை செய்து பாருங்கள். பத்துக் காலி தீப்பெட்டி, நாலு பென்சில். முதல் வாரம் அன் வீடு, யூன் வீடு பிரிக்கிற விளையாட்டு. இரண்டாம் வாரம் கலரை மட்டும் கடைப் பேச்சு மாதிரி பின்னால் வைத்துச் சொல்லுதல். மூன்றாம் வாரம் பெரிய, சின்ன, நல்ல மாதிரி ஐந்தாறு சொல்லை முன்னால் வைத்தல். எழுத்து நாலாவது வாரம். அதற்கு முன்னால் நோட்டையே திறக்காதீர்கள்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரம் இன்னொரு பரீட்சை. பத்துக்கு ஆறு. இரண்டு மார்க் ஊமை எழுத்துகளில் போனது. மீதி இரண்டு, 'பழைய' என்பதைப் பின்னால் வைத்ததற்காக. "கடையில பழசை யாருக்கா கேட்டு வாங்குவா? அதான் கடைசியில வச்சேன்" என்றாள்.

இந்தப் பிழையை எப்படித் திருத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுத மாட்டேன்.